ஒரு கிராமம், ஒரே நாள்: வெள்ளெழுத்துக் கண்ணாடி முகாம் நடத்த முழுமையான வழிகாட்டி

நாற்பது வயதைத் தாண்டினால் ஊசியில் நூல் கோர்ப்பதும், அரிசியில் கல் பொறுக்குவதும், மாத்திரை அட்டையில் தேதி பார்ப்பதும் சிரமமாகிவிடும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போய், கிட்டத்துப் பொருளுக்கு ஏற்றபடி வளைந்து கொடுக்காததே காரணம். இதுதான் வெள்ளெழுத்து. இதற்குச் சொட்டு மருந்தோ அறுவைச் சிகிச்சையோ தேடி அலைய வேண்டாம். சரியான பவரில் ஒரு சாதாரணக் கண்ணாடி போதும். அதன் விலை ஒரு நாள் கூலியைவிடக் குறைவு. ஆனால் அதை வாங்க டவுனுக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். அதனால்தான் பலர் வாங்காமலே பத்துப் பதினைந்து வருடத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

சுய உதவிக்குழு, இளைஞர் மன்றம், லயன்ஸ், ரோட்டரி, கல்லூரி என்.எஸ்.எஸ். என யார் வேண்டுமானாலும் இந்த முகாமை நடத்தலாம். கீழே உள்ள கணக்கெல்லாம் ஒரே நாளில் 200 பேர் வருவார்கள் என்று வைத்துப் போட்டது. படிகளின் வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். முகாம்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் வரிசை தப்பும்போதுதான்.

1. முதலில் எல்லையைப் போட்டுக்கொள்ளுங்கள்

பயிற்சி பெற்ற தன்னார்வலர் தன் கையால் கண்ணாடி கொடுக்கலாம் என்பது ஒரே ஒரு வகையினருக்குத்தான்: வயது 40 அல்லது அதற்கு மேல், இரண்டு கண்ணிலும் தனித்தனியாகத் தூரப் பார்வை 6/12 (நல்ல கண்ணுக்கு 12 மீட்டரில் தெரியும் எழுத்து 6 மீட்டரில் தெரிவது) அல்லது அதைவிட நன்றாக இருக்கிறது, கிட்டத்தில் மட்டும் தெரியவில்லை. மற்ற எல்லோரும் ஆப்டோமெட்ரிஸ்ட் (பவர் பார்த்துக் கண்ணாடி எழுதப் படித்தவர்) மேசைக்கோ மருத்துவமனைக்கோ போக வேண்டியவர்கள்.

ஏன் இவ்வளவு கறார்? கடையில் தொங்கும் ரெடிமேட் கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒரே பவர். சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் கூடுதலாக வேண்டிய பவர்) கிடையாது. இரண்டு கண்ணும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பவருக்கு மட்டுமே அது பொருந்தும். தூரப் பார்வை இரு கண்ணிலும் நன்றாக இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று ஓரளவு நம்பலாம்.

குழந்தைகளுக்கு இந்த முகாமில் கண்ணாடி கொடுக்கக் கூடாது. குழந்தையின் கண் தானாகவே வளைந்து கொடுத்துப் பவரை மறைத்துவிடும். சொட்டு மருந்து போட்டு முறையாகப் பரிசோதிக்காமல் எழுதும் பவர் தப்பாகப் போகும். அம்மாவோடு வரும் பிள்ளைக்குப் பார்வை குறைவு என்று தெரிந்தால் பெயரை எழுதி மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

இன்னொன்று. பழைய கண்ணாடிகளைத் திரட்டி ஊருக்குக் கொடுக்கலாம் என்று யாராவது நல்ல மனதோடு சொல்வார்கள். மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் கழுவி, பவர் அளந்து, கீறல் பார்த்துப் பிரித்து முடிக்க ஆகும் செலவில் புதிதே வாங்கிவிடலாம். ஒருவருடைய இடக்கண், வலக்கண், சிலிண்டர் பவருக்காகச் செய்தது இன்னொருவருக்குப் பொருந்துவதும் அபூர்வம். பார்வை இழப்புத் தடுப்புக்கான சர்வதேச அமைப்பும் பழைய கண்ணாடி விநியோகத்தை ஆதரிப்பதில்லை.

2. ஒரு மாதம் முன்பு: மருத்துவமனை, அனுமதி, தேதி

கண்ணாடி வாங்குவதற்கு முன் ஒரு கண் மருத்துவமனையோடு பேசி முடியுங்கள். 200 பேர் வந்தால் அதில் புரை முற்றியவர், சர்க்கரையால் விழித்திரை கெட்டவர், கண்ணழுத்த நோய் உள்ளவர் கட்டாயம் இருப்பார்கள். "உங்களுக்குக் கண்ணில் புரை இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வழி காட்டாமல் விடுவது, சொல்லாமலே விடுவதைவிட மோசம்.

மருத்துவமனையிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள். ஒன்று, ரெட்டினோஸ்கோப்பும் (கண்ணில் ஒளி பாய்ச்சிப் பவர் அளக்கும் கருவி) டிரயல் செட்டும் (மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் லென்ஸ் பெட்டி) கொண்டு வரும் ஓர் ஆப்டோமெட்ரிஸ்ட். இரண்டு, அறுவைச் சிகிச்சை தேவைப்படுவோரை எந்தத் தேதியில், எந்த வண்டியில் அழைத்துப் போவது. மூன்று, தனியாக அரைக்க வேண்டிய கண்ணாடிகளை யார், எப்போது ஊருக்குக் கொண்டுவந்து கொடுப்பது. மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கத்துக்கும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கும், பஞ்சாயத்துத் தலைவருக்கும் கடிதம் கொடுத்துவிடுங்கள். கண் மருத்துவ உதவியாளர் இருக்கும் நிலையமாக இருந்தால் பாதி வேலை அவராலேயே நடக்கும்.

நடவு, அறுப்பு, பெரிய முகூர்த்த நாள் வேண்டாம். தச்சர், கொத்தனார், நெசவாளர் அமாவாசையன்று வேலைக்குப் போகாத ஊர் என்றால் அன்றே வையுங்கள். மெட்ராஸ் ஐ பரவிக்கொண்டிருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். ஒரே டிரயல் ஃப்ரேமை (சோதனை லென்ஸ் மாட்டும் ஃப்ரேமை) 200 முகத்தில் வைக்கப் போகிறீர்கள்.

பட்டறை, தோட்டம், தீப்பெட்டி ஆபீஸ் போன்ற இடங்களில் முதலாளியிடம் அரைநாள் கேட்க வேண்டிவரும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வைச் சொல்லுங்கள். கிட்டப் பார்வைக் கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக இலை பறித்தார்கள். அரைநாள் கேட்கிறவருக்கு இந்த ஒரு எண் போதும்.

விளம்பரத்தில் வெறுமனே "இலவசக் கண் முகாம்" என்று போட்டால் கண் வலி, பீளை, தலைவலி எல்லாம் வரும். பூக்கட்டுகிறவர் வரமாட்டார், ஏனென்றால் அவர் தனக்குக் கண்ணில் நோய் இருப்பதாக நினைக்கவில்லை. இப்படி எழுதுங்கள்: "ஊசியில் நூல் கோர்க்க, பூக்கட்ட, தைக்க, படிக்கச் சிரமமா? 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாருங்கள். ஏற்கெனவே உள்ள கண்ணாடி, மாத்திரைச் சீட்டு, கையில் செய்யும் வேலைப் பொருள் மூன்றையும் கொண்டு வாருங்கள்." மூன்றாவது பொருள் ஏன் என்பது எட்டாவது படியில் வரும்.

3. எத்தனை கண்ணாடி, எந்தப் பவர்

200 பேர் வந்தால் சுமார் 100 பேருக்கு அங்கேயே ரெடிமேட் கண்ணாடி தேவைப்படும் என்று கணக்கு வையுங்கள். நூறுக்கு நூறு வாங்கினால் மதியமே ஏதாவது ஒரு பவர் தீர்ந்துபோகும். 130 வாங்குங்கள். மீதம் கெட்டுப்போகிற பொருள் இல்லை.

130-க்கு முதல் முறைக்கான பங்கீடு:

+1.00: 13
+1.50: 29
+2.00: 34
+2.50: 32
+3.00: 18
+3.50: 4

இடையில் உள்ள 0.25 படிகளை முதல் முகாமுக்கு வாங்க வேண்டாம். வெள்ளெழுத்துக்கு 0.25 வித்தியாசத்தைப் பலரால் உணர முடியாது. இருப்பு மட்டும் இரண்டு மடங்கு வகையாகப் பெருகும். +3.50 ஆப்டோமெட்ரிஸ்ட் மேசையில் மட்டும் இருக்கட்டும்.

ஃப்ரேமில் இரண்டு அகலம், மூன்று நான்கு நிறம் எடுங்கள். இதை அலங்காரமாக நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். ஒரே கறுப்பு ஃப்ரேமை அடுக்கி வைத்தால் 42 வயதுப் பெண் போட்டுப் பார்த்துவிட்டு "பாட்டி மாதிரி இருக்கு" என்று கழற்றி வைப்பார். வாங்கிக்கொண்டாலும் வீட்டில் போடமாட்டார். மூக்கில் பிளாஸ்டிக் பட்டை ஒட்டிய ஃப்ரேமைவிட, அசையும் மூக்குத் திண்டு உள்ள மெட்டல் ஃப்ரேம் பாதியாவது இருக்கட்டும். அதை வளைத்து முகத்துக்குப் பொருத்தலாம்.

இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பவர் தேவைப்படுவோருக்கு, வட்ட லென்ஸை அழுத்திப் பொருத்தும் கிளிப் வகை ஃப்ரேம் கிடைக்கிறது. ஓரம் அரைக்கும் மெஷின் இல்லாமலே சில நிமிடத்தில் தயாராகும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தன் முகாம்களில் பரிசோதித்த இடத்திலேயே கண்ணாடியைப் பொருத்திக் கொடுக்கிறது. "அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றால் கணிசமானவர்கள் வரமாட்டார்கள். உங்கள் மருத்துவமனையால் அது முடியுமா என்று இரண்டாம் படியிலேயே கேட்டுவிடுங்கள்.

4. வந்த சரக்கைச் சோதியுங்கள்

மலிவான ரெடிமேட் கண்ணாடியில் ஸ்டிக்கரில் ஒரு பவரும் லென்ஸில் இன்னொரு பவரும் இருப்பது நடக்கிற விஷயம். இரண்டு பக்கமும் பவர் மாறியிருந்தால் போட்டவருக்குத் தலை வலிக்கும். குற்றம் கண்ணாடி என்ற பொருளின் மேலேயே விழும், ஊரில் வேறு யாரும் போடமாட்டார்கள்.

லென்சோமீட்டர் (லென்ஸின் பவரை அளக்கும் கருவி) கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் இப்படிச் செய்யுங்கள். அறையின் உட்சுவர் அருகே நின்று, எதிரே தொலைவில் உள்ள ஜன்னலை நோக்கிக் கண்ணாடியைப் பிடியுங்கள். பின்னால் வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்தினால் ஜன்னலுக்கு வெளியே உள்ள மரத்தின் தலைகீழ் உருவம் ஓரிடத்தில் தெளிவாக விழும். லென்ஸிலிருந்து தாளுக்கு உள்ள தூரத்தை அளந்து, 100-ஐ அந்த சென்டிமீட்டரால் வகுத்தால் பவர். 50 செ.மீ. என்றால் +2.00, 40 செ.மீ. என்றால் +2.50, 100 செ.மீ. என்றால் +1.00. குறிபார்க்கும் பொருள் பத்து மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். பக்கத்து டியூப்லைட்டை வைத்து அளந்தால் கணக்குத் தப்பும். சூரியனை வைத்து அளக்க வேண்டாம்.

ஒவ்வொரு பவரிலும் பத்துக்கு இரண்டு எடுத்து, இரு லென்ஸையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று தப்பினாலும் அந்தப் பெட்டி முழுவதையும் பாருங்கள். கூடவே ஒரு நேர்க்கோட்டை லென்ஸ் வழியாகப் பார்த்தபடி லென்ஸை மெதுவாகச் சுழற்றுங்கள். கோடு சாய்ந்து முறுக்கினால் அதில் வேண்டாத சிலிண்டர் இருக்கிறது. ஒதுக்கிவிடுங்கள்.

5. கையில் இருக்க வேண்டியவை

தூரப் பார்வை சார்ட் இரண்டு. ஒன்று தமிழ் எழுத்தில். மற்றொன்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக, மூன்று காலுள்ள ஆங்கில ஈ எழுத்து நான்கு திசையிலும் திரும்பி நிற்பது. அதே இரண்டு வகையில் கிட்டப் பார்வை சார்ட், மேசைக்கு ஒன்று. பின்ஹோல் உள்ள கண் மறைப்பான் நான்கு (துளை 1.2 மி.மீ. அளவு). பென் டார்ச். 6 மீட்டர் டேப். 40 செ.மீ. நீளக் கயிறு. சிறு ஸ்குரூடிரைவர், மூக்குத் திண்டு உதிரி, ஸ்பிரிட், பஞ்சு. ஊசி, நூல், கல் கலந்த அரிசி ஒரு தட்டு, உளுந்து, பழைய மாத்திரை அட்டைகள்.

சார்ட்டை ஜெராக்ஸ் எடுத்தால் சுருங்கிவிடும். ஸ்கேல் வைத்து அளங்கள்: 6 மீட்டரில் படிக்கும் சார்ட்டில் 6/12 வரியின் ஈ எழுத்து 17.5 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். இடம் போதாமல் 3 மீட்டர் சார்ட் வைத்தால் அதில் பாதி. 40 செ.மீ. கிட்டச் சார்ட்டில் என்-8 அளவு (கிட்டப் பார்வைக்கு நாம் குறியாக வைக்கும் வரி) ஈ எழுத்து ஏறக்குறைய 1.45 மி.மீ. 17.5-க்குப் பதில் 15 மி.மீ. இருந்தால் நல்ல கண் உள்ளவரையும் தேவையில்லாமல் மருத்துவமனைக்கு அனுப்பிக்கொண்டிருப்பீர்கள்.

6. இடத்தைப் பிரித்தல்

பள்ளிக்கூடம் அல்லது சமுதாயக் கூடம் சரி. மேசைகளை ஒரே திசையில் ஓடும்படி போடுங்கள்: பதிவு, தூரப் பார்வை, டார்ச் சோதனை, கிட்டப் பார்வை, பொருத்துதலும் காசும். ஆப்டோமெட்ரிஸ்டுக்குச் சற்று இருட்டான தனி அறை.

கிட்டப் பார்வை மேசையை மரத்தடியிலோ முற்றத்து வெயிலிலோ போடுவதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. கூசும் வெளிச்சத்தில் கண்மணி சுருங்கி, அதுவே ஒரு பின்ஹோல் மாதிரி வேலை செய்யும். அங்கே +1.00-ல் படித்துவிடுவார்; வீட்டுக்குள், மாலையில், அதே கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. திண்ணை அல்லது ஜன்னலோர வெளிச்சம் போதும். தோளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரட்டும்.

ஒருவருக்குத் தூரப் பார்வை சோதிக்க 2 நிமிடம், கிட்டப் பார்வைக்கு 5 முதல் 6 நிமிடம் ஆகும். ஆறு மணி நேரத்தில் 200 பேர் என்றால் தூரத்துக்கு இரண்டு சார்ட், கிட்டத்துக்கு மூன்று மேசை. கிட்ட மேசையை ஒன்றாகக் குறைத்தால் அங்கே கூட்டம் சேரும். கூட்டம் சேர்ந்தால் சோதிப்பவர் வயதை மட்டும் கேட்டுவிட்டுக் கண்ணாடியை எடுத்து நீட்ட ஆரம்பித்துவிடுவார்.

7. பதிவு, தூரப் பார்வை, டார்ச்

பதிவில் பெயர், வயது, ஊர், தொலைபேசி, தொழில். பிறகு நான்கே கேள்வி: ஏற்கெனவே கண்ணாடி உண்டா, கண் ஆபரேஷன் ஆனதா, சுகர் இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது கண்ணழுத்த நோய் உண்டா. "விவசாயக் கூலி" என்று சொல்லும் பெண் சாயங்காலம் பூக்கட்டுகிறவராக இருப்பார். "கையில் என்ன வேலை செய்வீங்க?" என்று தனியாகக் கேட்டு எழுதுங்கள்.

தூரப் பார்வையைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். கிட்டக் கண்ணாடி போட்டு எழுத்து தெரிந்த மகிழ்ச்சியில் இருப்பவரை "இன்னொரு சோதனை இருக்கு" என்று இழுத்து நிறுத்த முடியாது. கையில் கண்ணாடி வந்ததும் கிளம்பிவிடுவார். மறைந்திருக்கும் புரையும் அவரோடு போய்விடும்.

வலக்கண், பிறகு இடக்கண். மறைக்கும்போது விரலால் மறைக்கச் சொன்னால் இடுக்கு வழியே பார்ப்பார். அழுத்தினால் அந்தக் கண் சற்று நேரம் மங்கும். மறைப்பானைத் தன்னார்வலரே பிடிப்பது நல்லது. 6/12 வரியில் ஐந்தில் நான்கு சரியாகச் சொன்னால் தேறியது. தூரக் கண்ணாடி போடுகிறவர் என்றால் அதைப் போட்டபடி சோதியுங்கள்.

தேறாத கண்ணுக்குப் பின்ஹோல் வையுங்கள். துளை வழியாகத் தெளிவானால் பவர் குறைபாடு, ஆப்டோமெட்ரிஸ்ட் மேசை. அப்போதும் தெளியாவிட்டால் கண்ணுக்குள் ஏதோ கோளாறு, மருத்துவமனைச் சீட்டு.

டார்ச்சில் பார்க்க வேண்டியவை: கண்மணி வெளுத்திருத்தல், கருவிழியில் வெள்ளைத் தழும்பு, சிவப்பு, கருவிழி மேல் ஏறிய சதை. வலியோடு சிவப்பு, திடீர்ப் பார்வை இழப்பு, மின்னல் வெட்டுவது போல் தெரிவது, திடீரென இரண்டாகத் தெரிவது ஆகியவற்றுக்கு முகாம் முடியும்வரை காத்திருக்கக் கூடாது, அன்றே அனுப்புங்கள்.

ஒரு குறிப்பை மட்டும் தன்னார்வலர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள். அறுபதைத் தாண்டிய ஒருவர் "முன்னே கண்ணாடி இல்லாம முடியாது, இப்ப வெறுங்கண்ணுலயே ஊசி கோக்குறேன்" என்று பெருமையாகச் சொன்னால், பார்வை தேறிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். புரை முற்றும்போது லென்ஸின் பவர் ஏறி, கிட்டத்தில் கொஞ்ச காலம் அப்படித் தெரியும். அவரும் மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்.

8. கிட்டப் பார்வையும் பவர் தேர்வும்

முழு முகாமின் தரமும் இந்த மேசையில்தான் இருக்கிறது. இங்கே அவசரப்படாதீர்கள்.

கயிற்றின் ஒரு நுனியைக் கண்ணோரம் வைத்து, மறுநுனியில் சார்ட்டைப் பிடியுங்கள்: 40 செ.மீ. கயிறு இல்லாவிட்டால் எல்லோரும் கையை நீட்டிச் சார்ட்டைத் தள்ளிப் பிடிப்பார்கள். அது அவர்களுக்கு வருடக்கணக்கான பழக்கம். வெறுங்கண்ணில் என்-8 வரியை இரு கண்ணாலும் படித்து, வேலையிலும் சிரமம் இல்லை என்றால் கண்ணாடி வேண்டாம். "வந்ததுக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

படிக்காவிட்டால் வயதை வைத்துத் தொடங்குங்கள்:

40–44: +1.00
45–49: +1.50
50–54: +2.00
55-க்கு மேல்: +2.50

இது தொடக்கம் மட்டுமே. 35–39 வயதில் வெறுங்கண்ணில் என்-8 தெரியவில்லை என்றால் வெள்ளெழுத்துக்கு அது சீக்கிரம். ஆப்டோமெட்ரிஸ்ட் மேசைக்கு அனுப்புங்கள். மற்றவர்களுக்கு வயதுக்கு உரிய பவரைவிட ஒரு படி குறைவாக (40–44 வயதினருக்கு +1.00-லேயே) போட்டு, படிக்கவில்லை என்றால் ஏற்றுங்கள். என்-8 தெளிவாகத் தெரிகிற மிகக் குறைந்த பவரில் நிறுத்துங்கள்.

ஏன் குறைந்தது? பவர் கூடினால் எழுத்து பெரிதாகத் தெரியும். சோதனை மேசையில் எல்லோருக்கும் அது பிடிக்கும், "இதுதான் பளிச்சுன்னு இருக்கு" என்பார்கள். ஆனால் தெளிவாகத் தெரியும் தூரம் சுருங்கிவிடும். பூக்கட்டும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். +2.00-ல் சார்ட் படித்துவிட்டார். +3.00 போட்டதும் முகம் மலர்கிறது. இப்போது கையில் மல்லிகையையும் நாரையும் கொடுங்கள். +2.00-ல் கை மடியில் இருந்தபடியே கட்டுகிறார். +3.00-ல் முதல் கண்ணியிலேயே கை மார்புவரை எழும்புகிறது, கழுத்து குனிகிறது. அப்படி நாலு மணி நேரம் உட்கார முடியாது. இரண்டாம் நாள் கழற்றி வைத்துவிடுவார். வேலைப் பொருளைக் கொண்டுவரச் சொன்னது இதற்காகத்தான்.

தூரமும் பவரும் கட்டிப்போட்டவை. 40 செ.மீ.-க்கு மொத்தம் (கண் தானாக வளைந்து கொடுப்பதும் கண்ணாடியும் சேர்ந்து) 2.50 வேண்டும், 50 செ.மீ.-க்கு 2.00, 60 செ.மீ.-க்கு சுமார் 1.75. தறியில் இழை பார்க்கிறவர், அடுப்படியில் நின்று வேலை செய்கிறவர் தள்ளிப் பார்க்கிறவர்கள். அரைப் பவர் குறைவாகப் போதும். எம்பிராய்டரி, ஜரிகை வேலை செய்வோர் கிட்ட வைத்துப் பார்க்கிறவர்கள். வேலையைச் செய்யவிட்டு, கண்ணிலிருந்து கைக்கு உள்ள தூரத்தை டேப்பால் அளங்கள். அவர் சொல்லும் தூரத்தை நம்ப வேண்டாம்.

பவரை முடிவு செய்ததும் மூன்று சரிபார்ப்பு:

சார்ட்டை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வேலை செய்யும் தூரம், தெளிவாகத் தெரியும் எல்லையின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் அரைப் பவர் மாற்றிப் பாருங்கள்.

ஒவ்வொரு கண்ணையும் மறைத்து, கண்ணாடியோடு படிக்கச் சொல்லுங்கள். ஒரு கண் இரண்டு வரி பின்தங்கினால் ரெடிமேட் ஆகாது, ஆப்டோமெட்ரிஸ்ட் மேசை.

வயதுக்கான பவரைவிட 1.00 அல்லது அதற்கு மேல் தேவைப்பட்டாலும் அதே மேசைதான். கண்ணில் மறைந்த பிளஸ் பவர் (தூரத்துக்கே பிளஸ் கண்ணாடி தேவைப்படும் குறை) இருக்கலாம்.

தூரக் கண்ணாடி போடுகிறவருக்கு ரெடிமேட் கொடுக்காதீர்கள். ஒன்றின் மேல் ஒன்று போட முடியாது, பைஃபோக்கல் (தூரமும் கிட்டமும் ஒரே கண்ணாடியில்) வேண்டும். மைனஸ் பவர்க்காரர் (தூரம் தெரியாதவர்) சிலருக்குக் கண்ணாடியைக் கழற்றினாலே கிட்டத்தில் நன்றாகத் தெரியும். அதைச் சொல்லிக் கொடுத்தாலே போதும். புரை ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பெரும்பாலும் +2.50 அல்லது +3.00 பொருந்தும், இரு கண்ணும் 6/12 இருந்தால். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவரின் பவர் சர்க்கரையோடு சேர்ந்து ஏறி இறங்கும். சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வந்த பின் பவர் பார்ப்பதும், விழித்திரைப் பரிசோதனைக்கு அனுப்புவதும்தான் முறை.

9. முகத்தில் பொருத்துதல்

+2.00 வரை கண்களின் இடைவெளி சற்று முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. அதற்கு மேல் பாருங்கள். ரெடிமேட் கண்ணாடியில் லென்ஸ் மையங்கள் வழக்கமாக 60 முதல் 64 மி.மீ. இடைவெளியில் இருக்கும். கண்மணி இடைவெளி 54 மி.மீ. உள்ள ஒல்லி முகத்தில் 62 மி.மீ. ஃப்ரேமை +3.00-ல் போட்டால் 2.4 பிரிசம் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் அளவு) சேர்கிறது. கண் எப்போதும் உள்நோக்கி இழுபடும், சிலருக்குத் தலை வலிக்கும். இரண்டு அகலத்தில் ஃப்ரேம் வாங்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

காதுக்குப் பின்னால் கொக்கி அழுத்துகிறதா, குனிந்தால் விழுகிறதா என்று பாருங்கள். குனியச் சொல்லி, தலையை ஆட்டச் சொல்லுங்கள். குனிந்தே வேலை செய்கிறவர்களுக்குக் கழுத்துக் கயிறு கட்டாயம்.

10. காசு வாங்கலாமா?

சிறு தொகை வாங்குங்கள் என்பதே எங்கள் முடிவு. காசு கொடுத்தால்தான் மதிப்பார்கள் என்ற வாதத்துக்காக அல்ல. கண்ணாடி உடையும், கீறும், பவர் ஏறும். ஒருமுறை இலவசமாகக் கொடுத்து முடித்துவிட்டால் இரண்டாவது கண்ணாடிக்கு வழியில்லை. உறை, கயிறோடு ஒன்று 70 ரூபாய்க்கு அடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு கண்ணாடிக்கு 7,000. எண்பது பேர் 100 ரூபாய் கொடுத்தால் 8,000. இருபது பேருக்கு இலவசம் போக 1,000 ரூபாய் மறுபடி போய்ப் பார்க்கும் செலவுக்கு மிஞ்சும்.

காசு கேட்பவர் பவர் பார்ப்பவராக இருக்கக் கூடாது. யாருக்கு இலவசம் என்பதை ஊர் சுய உதவிக்குழுத் தலைவியிடம் முன்பே கேட்டு, பதிவுச் சீட்டில் சிறு குறி போட்டுவிடுங்கள். மேசையில் நின்று தன் வறுமையை நாலு பேர் முன் சொல்லும் நிலைக்கு யாரையும் தள்ளக் கூடாது.

11. சொல்லி அனுப்ப வேண்டியவை

நீளமாகப் பேசினால் மனதில் நிற்காது. நான்கே சொல்லுங்கள், திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "கிட்ட வேலைக்கு மட்டும் போடுங்க. நடக்கும்போது, படி இறங்கும்போது, வண்டி ஓட்டும்போது கழட்டிடுங்க. முந்தானையால துடைக்காதீங்க, தண்ணி விட்டுக் கழுவி மெத்துத் துணியால ஒத்தி எடுங்க. ஒரு வாரத்துக்கு அப்புறமும் தலை வலிச்சா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க."

கண்ணாடி போட்டால் பார்வை இன்னும் கெடும், பவர் ஏறும் என்ற பயம் எல்லா ஊரிலும் உண்டு. வயது ஏறுவதால் பவர் ஏறுகிறது, போடாவிட்டாலும் ஏறும் என்று நேராகச் சொல்லுங்கள். கணவனோ மாமியாரோ கூட வந்திருந்தால் அவர்களுக்கும் கேட்கும்படி சொல்லுங்கள், வீட்டில் "எதுக்கு இது?" என்று கேட்கப்போவது அவர்கள்தான்.

12. மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுபவர்கள்

சீட்டை மட்டும் கையில் கொடுத்தால் போகமாட்டார்கள். எங்கே, எந்தக் கிழமை, எந்த பஸ், யார் துணை, எவ்வளவு செலவு என்ற ஐந்துக்கும் பதில் சீட்டிலேயே இருக்க வேண்டும். புரை ஆபரேஷனுக்குச் சம்மதித்தவரை முடிந்தால் அன்றைய வண்டியிலேயே அனுப்புங்கள். பட்டியலின் ஒரு பிரதி கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கட்டும். பத்து நாள் கழித்து ஒவ்வொருவருக்கும் போன் செய்து, போகாதவர் பெயரின் எதிரே காரணத்தை எழுதுங்கள்.

13. ஒரு மாதம் கழித்து

கண்ணாடி வாங்கியவர்களில் இருபது பேர் வீட்டுக்குச் சொல்லாமல் போங்கள். "கண்ணாடி போடுறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "கண்ணாடியைக் கொஞ்சம் காட்டுங்கம்மா" என்று கேட்டு, அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தையல் மெஷின் மேலிருந்தோ கழுத்திலிருந்தோ வந்தால் பயன்படுகிறது. பீரோவைத் திறந்து, புடவை அடியிலிருந்து புது உறையோடு வந்தால் பயன்படவில்லை. லென்ஸில் மாவு, மஞ்சள், விரல் ரேகை இருப்பது நல்ல அறிகுறி.

போடாதவரிடம் காரணம் கேட்டு நான்கில் ஒன்றாகக் குறியுங்கள்: பவர் பொருந்தவில்லை, ஃப்ரேம் பொருந்தவில்லை, பிறர் பேச்சு, தேவையில்லை. முதல் காரணம் மிகுந்தால் எட்டாம் படியில் தவறு. பெரும்பாலும் பவர் கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள். இரண்டாவது என்றால் கொள்முதலில். அடுத்த ஊருக்குச் சரக்கு வாங்கும்போது மூன்றாம் படியில் உள்ள பங்கீட்டை மறந்துவிட்டு, இந்த முகாமில் உண்மையில் போன எண்ணிக்கையை வைத்து வாங்குங்கள்.

ஊரைவிட்டுக் கிளம்பும்முன் இருபது கண்ணாடி, ஒரு கிட்டச் சார்ட், 40 செ.மீ. கயிறு அடங்கிய பெட்டி ஒன்றைச் சுய உதவிக்குழுவிடம் விட்டு வாருங்கள். உடைந்தால், தொலைந்தால் பதிவேட்டில் உள்ள அதே பவரை, அதே விலைக்கு அவர்கள் கொடுக்கலாம். பவர் மாற்றம் கேட்பவரும், இரண்டு வருடம் ஆனவரும் மறுசோதனைக்கு வர வேண்டும். பெட்டியில் +1.50, +2.00, +2.50 மூன்றும் தலா ஐந்து, +1.00 இரண்டு, +3.00 மூன்று போதும். +3.50 வைக்க வேண்டாம். அது தேவைப்படுகிறவர் முதலில் ஆப்டோமெட்ரிஸ்டைப் பார்க்க வேண்டியவர்.